புகை இல்லாத கரி

அன்பு மகள் சபீனாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நல்ல உடம்போடும் நிம்மதியோடும் இருக்க அல்லாஹ் துணை நிற்கட்டும். அடுத்த அறையில் இருக்கிற மகளுக்குக் கடிதம் எழுதுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று உன் அம்மா சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று சாயங்காலம் மாடிப்படியில் நின்று நான் பேச்சை எடுத்தவுடனே, "அத்தா, அது மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது உன்னை மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச எனக்கும் கூச்சமாக இருந்தது. நாளை மறுநாள் நீங்கள் மலைக்குக் கிளம்புகிறீர்கள். வாயால் சொன்னால் நீ பாதியிலேயே நிறுத்திவிடுவாய். எழுதிக் கொடுத்தால் கடைசிவரை படிப்பாய். சின்ன வயதிலிருந்தே எதையும் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிற பழக்கம் உனக்குக் கிடையாது, அந்த ஒரு காரியத்தைத் தவிர. மாப்பிள்ளை கண்ணில் இந்தக் கடிதம் பட்டாலும் படட்டும். அவரும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான் இதில் இருக்கிறது.

கொட்டாம்பட்டியைத்தான் சொல்கிறேன். நீ விவசாய இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்து, வேலைக்குப் போகப்போவதில்லை, மார்கழியில் மல்லிகையைப் பூக்கவைக்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "பூ வாங்குறதுக்குத்தான் இந்த ஊர்ல ஆளு. பூக்கவைக்கவுமா படிக்கணும்?" என்றாள் உன் அம்மா. எனக்குக் கொஞ்சம் விளங்கியது. பனிக்காலத்தில் கல்யாணம் வைத்தவர்கள் பூவுக்கு அலைகிற அலைச்சலை மதுரையில் பார்க்காதவர் யார்? சித்திரையில் கூடை கூடையாகக் கொட்டிக்கிடக்கிற மல்லிகை, பனி விழ ஆரம்பித்ததும் தங்கம் மாதிரி நிறுத்துக் கொடுக்கிற பொருளாகிவிடும். "செடிக்குக் குளிருது, அம்புட்டுத்தானே அத்தா? போர்த்திவிட்டா பூக்கும்" என்று சொன்னாய். குளிர் தேசங்களில் எண்ணெயும் கரண்ட்டும் எரித்துக் கூடாரத்துக்குச் சூடு ஏற்றுகிறார்கள், நமக்கு அதெல்லாம் வேண்டாம், பகல் வெயிலைப் பிடித்து வைத்து ராத்திரிக்குக் கொடுத்தால் போதும் என்றாய். வெயிலை எதில் பிடித்து வைப்பாய் என்று கேட்டேன். கடை மூலையில் சாத்தியிருந்த கறுப்பு பாலித்தீன் டியூப் ரோலைக் காட்டி, "இதுலதான்" என்றாய். இத்தனை வருஷமாகத் தார்ப்பாயும் பாலித்தீனும் விற்றுக்கொண்டிருக்கிற எனக்கு, என் சரக்கின் மேல் ஒரு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

செல்லையா அண்ணன் நெல் மூடுவதற்குத் தார்ப்பாய் வாங்க நம் கடைக்கு வருகிறவர். கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளி, கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் மல்லிகை வைத்திருந்தார். உன் யோசனையைக் கடையில் வைத்துச் சொன்னபோது மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் நீ பேசி முடிக்கிறவரை கேட்டார். "செடி என்னுது, யோசனை உன்னுது, பிளாஸ்டிக் காயிதம் பாய் கடையிது. செஞ்சுதான் பாப்பமே தாயி" என்றார். அந்த ஐப்பசி முழுக்க நீ மதுரையில் இருந்ததே இல்லை. காலையில் முதல் பஸ்ஸில் மேலூர் போய், அங்கிருந்து மாறி, இருட்டுவதற்குள் திரும்பி வருவாய். செம்மண் ஏறின உன் துப்பட்டாவைத் துவைத்துத் துவைத்து உன் அம்மாவுக்குக் கை வலித்தது. அவர் மனைவி முத்துப்பிள்ளை உனக்கென்று தனித் தட்டும் டம்ளரும் வாங்கி வைத்தாள். நாம் எதைச் சாப்பிடுவோம், எதைச் சாப்பிடமாட்டோம் என்று என்னிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நீ அவரை மாமா என்றும் அவளை அத்தை என்றும் கூப்பிட ஆரம்பித்தது எப்போது என்றுகூட எனக்குத் தெரியாது.

கடை விடுமுறை நாட்களில் நானும் வந்தேன். இரும்புக் குழாயை வளைத்து நட்டு, அதன்மேல் ஒரு பாலித்தீன், ஒரு சாண் இடைவெளி விட்டு உள்ளே இன்னொரு பாலித்தீன். நடுவில் நிற்கிற காற்றுதான் கம்பளி என்று நீ சொல்லிக்கொடுத்தாய். வரிசைக்கு வரிசை கறுப்பு டியூப்பில் தண்ணீர் நிரப்பிப் படுக்கவைத்திருந்ததைப் பார்த்தால் மலைப்பாம்பு குடும்பமே குடிவந்த மாதிரி இருக்கும். பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொண்டு அந்தத் தண்ணீர் கதகதப்பாகிவிடும். வடக்குப் பக்கம் சாணியும் வைக்கோலும் சருகும் போட்டு ஒரு குவியல், அதற்குள்ளே ஓடிவருகிற தண்ணீர்க் குழாய். குவியலில் கையை விட்டால் சுடும். அடுப்பே இல்லாமல் குப்பை சுடுவதை அன்றுதான் நான் தொட்டுப் பார்த்தேன். பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பக்கத் திரைகளை இறக்கிவிட வேண்டும், வெயில் போனபிறகு மூடினால் குளிரைத்தான் உள்ளே வைத்துப் பூட்டுகிறோம் என்று செல்லையா அண்ணனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாய். இணைப்புகளிலெல்லாம் டேப் ஒட்டியது நான்தான். காற்றுப் புகுகிற ஒரு ஊசிக்கண் கூட விடக்கூடாது என்று பெருமையாக ஒட்டினேன்.

கூடாரம் சொன்னபடி வேலை செய்தது. மார்கழி பிறந்து, வெளியே இருந்த செடிகளெல்லாம் சுருங்கிக்கிடக்கும்போது உள்ளே மொட்டு வைத்தது. முதல் பறிப்பை முத்துப்பிள்ளை வாழை இலையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி நம் வீட்டுக்கே வந்தது உனக்கு மறந்திருக்காது. "அண்ணே, வெளிய பல்லு கிட்டுது. உள்ள போனா புள்ள பெத்தவ இருக்குற ரூமு மாதிரி கதகதன்னு இருக்கு" என்று உன் அம்மாவிடமும் என்னிடமும் மாறி மாறிச் சொன்னாள். அவள் விரல்களை அன்று கவனித்தேன். பேசிக்கொண்டே, பார்க்காமலே, அத்தனை மொட்டையும் கட்டி முடித்து உன் தலையில் வைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அப்புறம் கடலில் புயல் உருவாகி வானம் மூடிக்கொண்டது. வெயிலே இல்லாமல் நாட்கள் போயின. டியூப்பில் இருந்த தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஆறிவிட்டது. மழையில் ஊறி, சாணிக் குவியலும் செத்துப்போனது. நீ வழக்கம்போல ஓடியிருப்பாய். ஆனால் அன்றைக்குத்தான் மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பார்க்க வந்திருந்தார்கள். பட்டுச்சேலை கட்டி, அடுப்படிக்குப் போகிற நடையில் நின்று நீ போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாய். நான் பிஸ்கட் தட்டோடு பக்கத்தில் நின்றேன். "மொட்டு கண்ணு முழிச்சிருச்சு தாயி. இப்பப் போயி குளிர் அடிச்சா அம்புட்டும் உதிர்ந்திரும். உள்ள கொஞ்சம் வெறகு மூட்டட்டுமா?" என்று அவர் கேட்டார். "ஐயோ வேண்டாம் மாமா. புகை பட்டா மொட்டு கருகிரும்" என்றாய். "அப்ப புகை ஆகாது." "ஆகவே ஆகாது மாமா. உள்திரையையும் இறக்கிவிட்டு நல்லா இறுக்கி மூடிவையுங்க. நாளைக்கு வாரேன்." "சரி தாயி. நீ போயி மாப்பிள்ள வீட்டக் கவனி" என்று அவர் வைத்துவிட்டார். அந்தப் பதிலில் குறை இருப்பதாக உனக்கும் படவில்லை, எனக்கும் படவில்லை. பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு நான் கூடத்துக்குப் போனேன்.

அவர் விறகு மூட்டவில்லை. வீட்டிலிருந்த கும்முட்டி அடுப்பில் கரியைக் கொட்டி, வெளியிலேயே வைத்து ஊதி, புகை முழுக்க அடங்கிக் கரி செக்கச் செவேலென்று கனிந்தபிறகுதான் உள்ளே தூக்கிக்கொண்டு போய் வைத்தார். திரைகளை இறக்கி, அடியில் இருந்த இடுக்கெல்லாம் மண்ணை அணைத்து மூடினார். நீ சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகவில்லை. விடியற்காலை, மொட்டு விரிவதற்குள் பறிக்க வேண்டும் என்று முத்துப்பிள்ளை கூடையோடு உள்ளே போனாள். அவர் மாட்டைப் பிடித்துக் கட்டப் போயிருந்தார். பறிக்கும்போது அவள் எதையாவது பேசிக்கொண்டே இருப்பாளாம். அன்று சத்தமே வரவில்லையே என்று கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. உள்ளே நுழைந்தவருக்குத் தலை சுற்றிக் கால் பின்னியது. எப்படியோ வெளியே வந்து, அரிவாளை எடுத்து, அவள் இருந்த இடத்துக்கு நேரே பாலித்தீனை மேலிருந்து கீழ்வரை கிழித்து, கையைப் பிடித்து வரப்புக்கு இழுத்துப் போட்டார். அவள் முந்தியில் மொட்டு அப்படியே இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். ஒன்றுகூடக் கருகவில்லையாம்.

மதுரைக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது நாம் மூவரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தோம். கரி கனிந்து எரியும்போது வருகிற விஷக் காற்றுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது, மூடின இடத்தில் வைத்தால் ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும் என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்லும்போது நீ தலையைக் குனிந்துகொண்டு, அவர் சொல்லவந்ததை அவருக்கு முன்னாலேயே உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாய். உனக்கு அது தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அன்றிலிருந்து தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனாய். ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருந்தவளின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவள் கண்ணைத் திறந்த நாளில், வராந்தாவில் நின்று செல்லையா அண்ணன் உன்னிடம் ஒன்று சொன்னார். "நீ புகைதான் ஆகாதுன்னு சொன்ன தாயி. புகையே இல்லாமக் கனியவிட்டுத்தானே வச்சேன்." அவர் கோபத்தில் அதைச் சொல்லவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. நான் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லையே என்று உன்னிடம் சரிபார்த்துக்கொள்கிற மாதிரிதான் கேட்டார். நீ அப்படியே திரும்பிப் படியிறங்கிப் போனாய். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

அன்றிலிருந்து நீ உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்பதுதானே? உன்னைச் சமாதானப்படுத்துவதற்காக இல்லை, நடந்ததால் சொல்கிறேன். உனக்கு ஐந்து ஆறு வயது இருக்கும். பள்ளிக்கூடம் லீவு என்றால் கடைக்கு வந்துவிடுவாய். பெரிய டியூப் ரோலை விரித்தால் அதன் வாய்க்குள் நுழைந்து தவழ்ந்து போய் அந்தப் பக்கம் வருவது உனக்கு விளையாட்டு. "உள்ள போகாதே, சரக்கு அழுக்காகிரும்" என்று ஒருநாள் அதட்டினேன். நீ போய் வாளித் தண்ணீரில் காலைக் கழுவி, துணியில் துடைத்துக்கொண்டு, மறுபடி உள்ளே போனாய். இந்தத் தடவை அது மறுமுனையில் கட்டிவைத்திருந்த டியூப். சாப்பாடு கொண்டுவந்த உன் அம்மாதான் பார்த்தாள். பாலித்தீன் உன் முகத்தில் ஒட்டிக்கொண்டு நீ கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தாய். இழுத்து வெளியே போட்டு, உன்னை அடித்து, என்னைத் திட்டியதில் தெருவே கூடிவிட்டது. நீ அழுதுகொண்டே சொன்னது, "கால் கழுவிட்டுத்தானே அத்தா போனேன்." அன்றைக்கும் நீ சொன்னது சரி. நான் சொன்ன காரணத்துக்கு நீ சரியாகத்தான் நடந்துகொண்டாய். சரக்கைப் பற்றிச் சொன்ன நான் மூச்சைப் பற்றிச் சொல்லவில்லை. கடையில் நிற்கிற மனுஷனுக்கு முதலில் சரக்குதான் ஞாபகம் வரும். செடியைப் பார்த்துக்கொண்டிருந்த உனக்கு முதலில் மொட்டு ஞாபகம் வந்தது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் முத்துப்பிள்ளை விழுந்துவிட்டாளே, அதையும் இல்லை என்று சொல்ல முடியாதே.

நீ போகாவிட்டாலும் நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அவள் உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தபோது எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். சில வாரம் கழித்துக் கை நடுங்க ஆரம்பித்தது. நடை தளர்ந்தது. அடுப்பில் உலையை வைத்துவிட்டு மறந்துவிடுவாள். சொன்னதையே சொல்வாள். டாக்டரிடம் கேட்டால், சிலருக்கு அப்படி ஆகும், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியலாம், தெளியாமலும் போகலாம் என்றார். விழுந்த நாள் அவளுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. பங்குனியில் செல்லையா அண்ணன் பிளாஸ்டிக்கைப் பிரித்துச் சுருட்டிவைத்துவிட்டார். வெயில் ஏறியதும் செடியெல்லாம் தானாகவே கொட்டோ கொட்டென்று பூத்தது. யாருக்கும் வேண்டாத விலையில் போனது. அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நானும் நினைத்துக்கொண்டேன். உனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு மலையில் வாத்தியார் வேலை. அங்கே காய்கறியும் பூவும் பிளாஸ்டிக் கூடாரத்தில் வளர்க்கிறவர்கள், விறகு எரிக்காமல் சூடு வைக்கச் சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் உன் முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் வந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒன்றைத் தவிர. இதற்கு முன்னால் செய்திருக்கிறாயா என்று அவர்கள் போனில் கேட்டபோது, "ஒரு பருவம் கொட்டாம்பட்டியில செஞ்சு பாத்திருக்கோம், நல்லாப் பூத்துச்சு" என்று மட்டும் சொன்னாய். பொய் இல்லை. ஆனாலும் அன்று பாதிச் சோற்றில் நான் எழுந்துவிட்டேன்.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாத விஷயம். நிக்காஹ் அன்று காலை மண்டபத்து வாசலில் யாரோ என்னைத் தேடுகிறார் என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தால் செல்லையா அண்ணன், கையில் ஈரத்துணி சுற்றின பொட்டலம். உள்ளே வாங்க என்று கையைப் பிடித்து இழுத்தேன். "வேணாம் பாய். நல்ல நாளு. புள்ள என்னையப் பாத்தா சங்கடப்படும்" என்று சொல்லி, பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். சாப்பிடக்கூட இல்லை. அன்று உன் தலையில் இருந்த பூ அதுதான். அத்தனை கூட்டத்தில், அத்தனை வேலையில், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள்தான் யோசனை வந்தது. ஊர் முழுக்கப் பூ இல்லாத பனியில் அவருக்கு மட்டும் எங்கிருந்து மல்லிகை?

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். வண்டியை ரோட்டில் நிறுத்தும்போதே பார்த்துவிட்டேன். கூடாரம் மறுபடி நிற்கிறது. கிழித்த இடத்தில் அதே பாலித்தீனைத் துண்டு போட்டு ஒட்டியிருக்கிறார். டியூப்பெல்லாம் வரிசையாகக் கிடக்கிறது. சாணிக் குவியலுக்கு இந்த வருஷம் கூரை போட்டிருக்கிறார், மழை இறங்காமல் இருக்க. "நீங்க யோசிச்சதா அண்ணே?" என்று கேட்டேன். "அந்தப் புள்ள போற போக்குல ஒரு தடவ சொன்னுச்சு பாய்" என்றார். கூடார வாசலுக்குப் போனால் அங்கே கும்முட்டி. உள்ளே சாம்பல், இன்னும் சூடு ஆறவில்லை. "அண்ணே, என்னண்ணே இது?" என்றேன். அவர் ரொம்ப நிதானமாகச் சொன்னார்: "மூடின எடத்துல வச்சதுதான் தப்புன்னு டாக்டர் சொன்னாரு. இந்த வருசமும் வானம் மூடியேதான் கெடக்கு, ஆனா உள்ள வைக்கிறதில்ல. வாசலோரமா, ஒரு சாண் தொறந்துவிட்டு வைக்கிறேன். நேத்து ராத்திரியும் வச்சேன், ஒண்ணும் ஆகல. என்னையத் தவிர யாரையும் உள்ள விடுறதில்ல." வேண்டாம் என்று கெஞ்சினேன். வாசலில் வைத்தாலும் அந்தக் காற்று உள்ளேதான் போகும் என்று எனக்குத் தெரிந்தமட்டும் சொன்னேன். "நீங்க பயத்துல சொல்றீக பாய். அவளுக்கு மாத்திரை மருந்துன்னு இருக்குல்ல, வெறுங்கையோட எப்புடி உக்காருறது? அந்தப் புள்ள படிச்ச புள்ள. அது வந்து ஆகாதுன்னு சொல்லட்டும், இப்பவே தூக்கி எறியிறேன். போன வருசமும் அது சொன்னதத்தானே கேட்டேன்?" என்றார். இதிலும் குத்தல் இல்லை சபீனா. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது. இத்தனைக்கும் பிறகு அவர் உன் வார்த்தையைத்தான் நம்புகிறார்.

முத்துப்பிள்ளை முற்றத்துக் கட்டிலில், நடுங்குகிற கையை மடியில் ஒன்றின்மேல் ஒன்று அழுத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. "அண்ணே, அந்தப் புள்ள ஏன் வரல? டியூப்பு ஒண்ண நான்தான் மிதிச்சுக் கிழிச்சுப்புட்டேன். அதுக்குக் கோவிச்சுக்கிருச்சா?" என்று கேட்டாள். இல்லைம்மா, கல்யாண வேலை, அதுதான் வரமுடியவில்லை என்றேன். "கல்யாணமா!" என்று முகம் மலர்ந்தாள். உனக்கு எந்த ஊர் மாப்பிள்ளை, என்ன வேலை என்றெல்லாம் கேட்டாள். செல்லையா அண்ணன் டீ வாங்கி வந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "அண்ணே, அந்தப் புள்ள ஏன் வரல? டியூப்ப மிதிச்சதுக்குக் கோவமா?" என்றாள். நான் கிளம்புவதற்குள் அதையே எத்தனை தடவை கேட்டாள் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் கல்யாணம் என்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் மலர்ந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது மேலூர் தாண்டுகிறவரைக்கும் ரோடு சரியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை.

நீ அவர் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறாய். அந்த வராந்தாவில் நின்று அவர் சொன்ன வார்த்தையை மறுபடி கேட்டுவிடுவோமோ என்று பயப்படுகிறாய். எனக்குப் புரிகிறது. ஆனால் நீ போகாமல் இருப்பது அவர்களுக்கு வேறு மாதிரி புரிந்திருக்கிறது. அவள் டியூப்பைக் கிழித்ததால் நீ கோபமாக இருக்கிறாய் என்று நினைக்கிறாள். அவர், நீ எதுவும் சொல்லவில்லை என்றால் வாசலில் வைப்பது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ராத்திரிக்கு ராத்திரி கரியை ஊதுகிறார். இனிமேல் உன் வாய் மூடியிருக்கிற ஒவ்வொரு நாளும் அந்த மனிதர் அந்தக் கூடாரத்துக்குள் போய்வருகிறார். முத்துப்பிள்ளைக்கு மறதி வேறு. விடியற்காலையில் பழக்கதோஷத்தில் கூடையை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டால்?

மலைக்குப் போனால் அங்கேயும் நீ இதைத்தான் சொல்லித்தரப் போகிறாய். அங்கே குளிர் நம் ஊர்க் குளிர் மாதிரி விளையாட்டுக் குளிர் இல்லை. மூடு, ஒட்டு, இறுக்கு என்று நீ சொல்லச் சொல்ல அவர்கள் செய்வார்கள். வெயில் வராத ஒரு வாரம் அங்கேயும் வரும். கையில் கரி இருக்கிறவன் கரியைத்தான் நினைப்பான். அதனால் உன் டியூப்பையும் திரையையும் காட்டுவதற்கு முன்னால் முத்துப்பிள்ளையைப் பற்றிச் சொல். இறுக்கி மூடின கூடாரத்தில் எதையும் எரிக்கக்கூடாது, புகை வந்தாலும் வராவிட்டாலும் கூடாது, எரித்தால் ஆட்கள் சாவார்கள் என்று முதலில் சொல். மொட்டைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். உனக்கு அது அவமானமாக இருக்கலாம். அவர்கள் உன்னை வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். சொன்னால் சொல்லட்டும். மாப்பிள்ளையிடமும் நீயே சொல்லிவிடு. அவர் நல்ல பிள்ளையாகத் தெரிகிறார். இதைக் கேட்டு உன்னைக் குறைத்து நினைக்கிறவராக இருந்தால், அதையும் நீ சீக்கிரம் தெரிந்துகொள்வது நல்லது.

கொட்டாம்பட்டி இருப்பது வடக்கே. நீங்கள் போகிற மலைப் பாதை மேற்கே. போகிற வழியில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போ என்று சொல்ல எனக்கு வாய்ப்பில்லை. அதற்கென்று கிளம்பித்தான் போகவேண்டும். அங்கே போய் என்ன சொல்வது என்று நீ யோசிக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்பது, அழுவது எல்லாம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். மேகம் மூடினால் டியூப்பு சூடாகாது, குவியல் ஓரளவுதான் தாங்கும், அதற்கு மேல் குளிர் வந்தால் மொட்டு உதிர்ந்துபோகும், உதிரட்டும் மாமா என்று சொல்லிவிட்டு வா. பூ இல்லாத மார்கழியை இந்த ஊர் எத்தனையோ பார்த்திருக்கிறது.

நாளைக் காலை சுபுஹு தொழுதுவிட்டு, கடைச் சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு, வாசலில் ஸ்கூட்டரோடு நிற்பேன். உன்னைக் கூப்பிடமாட்டேன், ஹாரன் அடிக்கமாட்டேன். நீ வந்தால் பின்னால் உட்கார்ந்துகொள். நீ வராவிட்டாலும் நான் போகத்தான் போகிறேன். ஆனால் நான் சொன்னால் அவர் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வரப்புவரை வந்து வழியனுப்பிவிட்டு, பொழுது சாய்ந்ததும் கும்முட்டியைப் பற்றவைப்பார். நீ சொன்னால் கேட்பார், சபீனா.

உன் நல்லதையே அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருக்கிற,
அத்தா